சவுத் சைடைக் காட்டாமல் சிகாகோவைக் காட்டியதாகச் சொல்லாதீர்கள்

நம் தமிழ்ப் பள்ளியின் கோடைச் சுற்றுலாக் குழுவினருக்கு,

போன செவ்வாய்க்கிழமை இரவு உங்கள் மின்னஞ்சல் வந்தது. பிள்ளைகளும், ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டிகளும் ஜூலையில் போகும் சிகாகோ பயணத்தில் இரண்டாவது சனிக்கிழமையை, அதாவது கறுப்பின மக்கள் பெருமளவில் வாழும் நகரின் தெற்குப் பகுதியைப் பார்க்கும் சவுத் சைட் நாளை, எடுத்துவிட்டோம் என்று எழுதியிருந்தீர்கள். அன்றைக்கு அவுட்லெட் மால் போகலாமாம். காரணம் இரண்டே சொல்: 'பாதுகாப்பு கருதி.'

அந்த நாளை ஆறு கோடையாக முன்னின்று நடத்திய நால்வரில் நானும் ஒருத்தி. முடிவெடுக்கும் முன் எங்கள் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வருத்தத்தைக்கூட விழுங்கிக்கொள்வேன். நீங்கள் எடுத்த முடிவை என்னால் அப்படி விழுங்க முடியவில்லை. அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

மின்னஞ்சலோடு ஒரு வரைபடமும் வைத்திருந்தீர்கள். அது ரூஸ்வெல்ட் சாலையோடு முடிகிறது. அதற்குத் தெற்கே வெறும் வெள்ளைத்தாள். அந்தச் சாலைக்குப் பழைய பெயர் 12-ஆம் தெரு. அங்கேதான் இல்லினாய் சென்ட்ரல் ரயில் நிலையம் இருந்தது. மிசிசிப்பியிலிருந்தும் லூசியானாவிலிருந்தும் கிளம்பிய கறுப்பின மக்கள் கையில் ஒரு பெட்டியும் மடியில் ஒரு பொட்டலச் சோறுமாக இறங்கிய இடம் அது. 1910-களில் தொடங்கி 1970 வரை 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்த நகரத்துக்கு வந்தார்கள். அவர்கள் ரயிலைவிட்டு இறங்கிய இடத்தில் நம் வரைபடம் நின்றுவிடுகிறது. நீங்கள் தெரிந்து செய்திருக்க மாட்டீர்கள் என்றே நம்புகிறேன்.

மீதி வைத்திருக்கும் இடங்களில் எனக்குக் குறை இல்லை. வில்லிஸ் டவரை வடிவமைத்த பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான் டாக்காவில் பிறந்தவர். 110 மாடிக் கட்டடத்தைக் காற்றுக்கு அசையாமல் நிறுத்த, குழாய்களைக் கட்டாகக் கட்டியதுபோல ஒரு முறையை யோசித்தவர். பிள்ளைகள் அதைக் கேட்க வேண்டும். 1871 அக்டோபர் தீயில் ஊரே எரிந்தபோது தப்பி நின்ற வாட்டர் டவரையும் பார்க்கட்டும். ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டும் வேண்டும். 1893-இல் விவேகானந்தர் அங்கே பேசப் போக, அளசிங்கப் பெருமாளும் சென்னை இளைஞர்களும் வீடு வீடாகப் பணம் திரட்டிய கதை நம் கதைதான். ஹேமார்க்கெட்டையும் வைத்திருக்கிறீர்கள். 1886-இல் எட்டு மணி நேர வேலைக்காகச் சிகாகோ தொழிலாளர்கள் தெருவில் இறங்காமல் இருந்திருந்தால், 1923-இல் சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடியிருக்க முடியாது. இதெல்லாம் இருக்கட்டும்.

ஆனால் இந்த நகரத்தில் முதலில் வந்து நிலையாகக் குடியேறிய வெளியூர்க்காரர் யார்? ழான் பாப்டிஸ்ட் பாயின்ட் டு சாப்ல் என்ற கறுப்பர். 1780-களில் சிகாகோ ஆறு ஏரியில் கலக்கும் இடத்தில் வீடு கட்டி, பொட்டவாட்டமி என்ற பூர்வகுடி இனப் பெண்ணான கிட்டிஹாவாவோடு குடும்பம் நடத்தி, வியாபாரம் செய்தவர். 2021-இல் லேக் ஷோர் டிரைவுக்கு அவர் பெயரையும் சேர்த்தார்கள். நம் பேருந்து அந்தச் சாலை வழியாகத்தான் போகப்போகிறது. பெயர்ப்பலகையைப் பார்த்து ஒரு பிள்ளை 'இவர் யார்?' என்று கேட்டால் பதில் சொல்லிவிட்டு, அவருடைய மக்கள் வாழும் பக்கம் மட்டும் நாம் போவதில்லை என்றும் சேர்த்துச் சொல்வீர்களா?

போன வருடம் என் மாமனாரும் எங்களோடு வந்தார். பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சவுத் சைட் நாளுக்கு முந்தின வாரம், அவரை அவரை விதை வடிவில் பளபளக்கும் பீன் சிற்பத்தின் முன்னால் நிற்கவைத்துப் படம் எடுத்தோம். 'நல்லா பளபளன்னு இருக்கு' என்றார், அவ்வளவுதான். ஏரிக்கரையில் இருக்கும் நேவி பியரில் ஒரு பெஞ்சு தேடி உட்கார்ந்துவிட்டார். மறு சனிக்கிழமை சவுத் சைடில் 111-ஆம் தெருவில் பேருந்து நின்றது. புல்மன் குடியிருப்பு. செங்கல் வீடுகள் வரிசை வரிசையாக, ஒரே அச்சில் வார்த்த மாதிரி. இறங்கினவர் அப்படியே நின்றுவிட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். பிறகு என்னிடம் வந்து, 'இது நம்ம ரயில்வே காலனி மாதிரியே இருக்கேம்மா. வாடகை எவ்வளவு பிடிச்சாங்க?' என்று கேட்டார்.

அந்த இடத்தில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். 1880-இல் ஜார்ஜ் புல்மன் தன் ரயில் பெட்டித் தொழிற்சாலைக்காகக் கட்டிய ஊர் அது. வீடு, கடை, நூலகம், தேவாலயம் எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம். 1893-இல் பொருளாதாரம் சரிந்ததும் சம்பளத்தை வெட்டினார்கள். வாடகையில் ஒரு காசு குறைக்கவில்லை. வாடகை போக, சில்லறைக் காசோடு வீடு திரும்பியவர்கள் உண்டு. முறையிடப் போனவர்களை வேலையைவிட்டு நீக்கினார்கள். 1894 மே மாதம் வேலைநிறுத்தம் தொடங்கியது. யூஜின் டெப்ஸின் ரயில்வே சங்கம் ஆதரவாக இறங்கியதும் நாட்டின் பெரும்பகுதியில் ரயில் ஓடவில்லை. ஜனாதிபதி கிளீவ்லேண்ட் ராணுவத்தை அனுப்பினார். அதே கோடையில் தொழிலாளர் தினமான லேபர் டேயைத் தேசிய விடுமுறையாக்கும் சட்டத்திலும் அவரே கையெழுத்துப் போட்டார். நாம் வருடாவருடம் வீட்டுக் கொல்லையில் அடுப்பு மூட்டிக் கொண்டாடுகிறோமே, அந்த நீண்ட வார இறுதிக்கும் இந்தத் தெருவுக்கும் அப்படி ஓர் உறவு.

இதைத் தட்டுத்தடுமாறித் தமிழில் சொல்லி முடித்தேன். மாமனார் பிள்ளைகள் பக்கம் திரும்பி, பணிமனையில் சங்கு ஊதுவது, சம்பள நாளில் வரிசையில் நிற்பது, 1946-இல் பொன்மலையில் தொழிலாளர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது என்று அரை மணி நேரம் பேசினார். அமெரிக்காவில் பிறந்த என் பையன் தாத்தா பேச்சை அத்தனை நேரம் கேட்டு நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்த பிறகும், 'தாத்தா, அப்புறம் என்ன ஆச்சு?' என்று பின்னாலேயே சுற்றினான். எந்த மால் இதைக் கொடுக்கும்?

அதே தொழிற்சாலையில் செய்த பெட்டிகளில் படுக்கை விரித்து, காலணி துடைத்து, இரவெல்லாம் விழித்து வேலை பார்த்தவர்கள் கறுப்பின ஊழியர்கள். முதலாளி பெயர் ஜார்ஜ் என்பதால் பயணிகள் அவர்கள் எல்லோரையுமே 'ஜார்ஜ்' என்றுதான் கூப்பிடுவார்களாம். இதைச் சொன்னபோது ஒரு பத்து வயதுப் பெண், 'அவங்க பேரைக் கேக்கவே மாட்டாங்களா ஆன்ட்டி?' என்றாள். கேட்கவில்லை. 1925-இல் ஃபிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அவர்கள் சங்கம் அமைத்தார்கள். கம்பெனி ஒப்பந்தத்தில் கையெழுத்திட 1937 ஆயிற்று. அந்த ஊழியர்கள்தான் கறுப்பின மக்களுக்கான 'சிகாகோ டிஃபெண்டர்' பத்திரிகைக் கட்டுகளைத் தெற்கு மாநிலங்களுக்குக் கொண்டுபோனவர்கள். 'வடக்கே வா, இங்கே வேலை இருக்கிறது' என்ற செய்தி அப்படித்தான் பரவியது.

அடுத்து பிரான்ஸ்வில், தெற்கிலிருந்து வந்த கறுப்பின மக்கள் குடியேறிய பகுதி. மார்ட்டின் லூதர் கிங் டிரைவில் 26-ஆம் தெருப் பக்கம் ஒரு வெண்கலச் சிலை நிற்கிறது. 1996-இல் ஆலிசன் சார் என்ற சிற்பி செய்தது. வடக்கு நோக்கி வந்த ஒரு மனிதர், கையில் பெட்டி. தூரத்திலிருந்து பார்த்தால் உடம்பெல்லாம் செதில் மாதிரித் தெரியும். கிட்டே போனால்தான் புரியும்: அவர் போட்டிருக்கும் கோட்டும் கால்சட்டையும் முழுக்க முழுக்கத் தேய்ந்த செருப்பு அடிப்பாகங்களால் ஆனவை. பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்கள். கூடவே வந்த மதுரைக்காரப் பாட்டி ஒருவர் அந்தத் தேய்ந்த இடத்தில் விரலை வைத்து, 'எத்தனை பேர் நடந்திருப்பாங்க' என்றார். வேறு எதுவும் பேசவில்லை.

பெட்டியோடு வந்ததில் நமக்கும் அவர்களுக்கும் ஒற்றுமை இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்வேன். வேறுபாட்டையும் சேர்த்தே சொல்வேன். நாம் விசாவோடும் வேலை உத்தரவோடும் விமானத்தில் வந்தோம். அவர்கள் கும்பல் கொலைக்குப் பயந்து, குத்தகை நிலத்தின் தீராத கடனிலிருந்து தப்பி வந்தார்கள். வந்த இடத்திலும் நிம்மதி இல்லை. 1919 ஜூலையில் 17 வயதுக் கறுப்பினப் பையன் யூஜின் வில்லியம்ஸ் ஏரியில் குளித்துக்கொண்டிருந்தவன், கண்ணுக்குத் தெரியாத எல்லையைத் தாண்டி வெள்ளையர் பக்கம் வந்துவிட்டான் என்று கல்லெறிந்ததில் செத்துப்போனான். அதைத் தொடர்ந்த கலவரத்தில் 38 பேர் இறந்தார்கள். 29-ஆம் தெருப் பக்கத்து ஏரிக்கரையில் அதற்கு ஒரு சின்னப் பலகைதான் இருக்கிறது. தேடிப் போனால்தான் கண்ணில் படும்.

பெரிய பிள்ளைகளை மட்டும் ஸ்டேட் தெருவில் ராபர்ட்ஸ் டெம்பிள் தேவாலயத்தின் முன் கூட்டிப்போவோம். வெளியே நின்று பார்ப்பதோடு சரி. 1955-இல் மிசிசிப்பிக்கு விருந்தாடப் போன 14 வயதுக் கறுப்பினச் சிகாகோ பையன் எம்மெட் டில்லைச் சித்திரவதை செய்து கொன்றார்கள். சிதைந்த முகத்தை மூடாமல் சவப்பெட்டியைத் திறந்தே வைக்க வேண்டும், உலகம் பார்க்கட்டும் என்று அவன் அம்மா மேமி சொல்லி, அப்படியே வைத்தது இந்தத் தேவாலயத்தில்தான். பல்லாயிரம் பேர் வரிசையில் வந்து பார்த்தார்கள். 2023-இல் இது தேசிய நினைவுச் சின்னமாயிற்று. என் பையனுக்குப் போன வருடம் 14 வயது. அன்றைக்கு அந்த வாசலில் எனக்குப் பேச்சே வரவில்லை. கூட வந்த தன்னார்வலர்தான் மீதியைச் சொன்னார்.

சரி, பாதுகாப்புக்கு வருகிறேன். நானும் ஒரு தாய்தான். சவுத் சைடின் சில பகுதிகளில் துப்பாக்கிச் சூடு நடக்கிறது என்பது எனக்கும் தெரியும். அங்கே வாழ்கிற தாய்மார்களுக்கு அது நம்மைவிட நன்றாகவே தெரியும். ஆனால் நாம் பகல் பொழுதில், பெரியவர்கள் துணையோடு, பேருந்தில் போகிறோம். புல்மன் இன்று தேசியப் பூங்காத் துறை நடத்தும் வரலாற்றுப் பூங்கா. சீருடை போட்ட அதிகாரி நின்று விளக்கம் சொல்லும் இடம். கறுப்பின வரலாற்றைச் சொல்லும் டுசாப்ல் அருங்காட்சியகத்துக்குப் பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வருகிறார்கள். ஆறு வருடத்தில் நமக்கு நடந்த ஒரே அசம்பாவிதம், ஒரு பையன் புல்மன் நடைபாதையில் தடுக்கி விழுந்து முழங்கால் சிராய்த்ததுதான். எதிர்வீட்டிலிருந்து வயதான கறுப்பினப் பெண்மணி ஒருவர் பஞ்சும் தண்ணீரும் கொண்டுவந்து, படியில் உட்காரவைத்துக் காயத்தைக் கழுவிவிட்டார். பையனின் பெயரைக் கேட்டார். சரியாகச் சொல்ல வரும்வரை மூன்று முறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

மதியத்தில் 75-ஆம் தெருவில் கறுப்பின மக்களே நடத்தும் சைவ உணவகத்தில் சாப்பிட்டோம். தயிர்சாதப் பொட்டலம் கட்டிப் போகாத ஒரே நாள் அது. வெங்காயம் பூண்டு உண்டா என்று விசாரித்த பாட்டிக்கு அங்கே இருந்தவர் பொறுமையாக ஒவ்வொன்றையும் விளக்கினார்.

உண்மையான ஆபத்து எது என்று உட்கார்ந்து பேச வேண்டுமானால் நான் தயார். எந்தத் தெரு, எந்த நேரம், எத்தனை பெரியவர்கள் என்று பேசுவோம். ஆனால் உங்கள் வாட்ஸ்அப் குழுவில் நடந்த பேச்சு அதுவல்ல. 'அந்த ஏரியா ஆளுங்க சரியில்ல' என்று ஒருவர் எழுதினார். ஏழு பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள். எதிர்த்து யாரும் எழுதவில்லை.

அந்த வரியைப் படித்ததும் எனக்கு எங்கள் ஊர் ஞாபகம் வந்தது. விருதுநகர் பக்கம். சின்ன வயதில் என் அப்பத்தா, 'கிழக்கே அந்தத் தெருப் பக்கம் மட்டும் போயிடாதே' என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார். ஏன் என்று கேட்டால் 'ஆளுங்க சரியில்ல' என்பார். அது என்ன தெரு, ஏன் ஊருக்கு வெளியே இருக்கிறது, அங்கே இருக்கிறவர்கள் எங்கள் கிணற்றில் ஏன் தண்ணீர் எடுப்பதில்லை என்பதெல்லாம் எனக்குப் புரியப் பதினாறு பதினேழு வயது ஆயிற்று. என்னோடு பள்ளியில் படித்த பெண் அந்தத் தெருக்காரி. அவள் வீட்டுக்கு நான் ஒருநாளும் போனதில்லை. அந்த வெட்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆயிரக்கணக்கான மைல் தள்ளி வந்து, அதே வாக்கியத்தை என் பிள்ளைக்குக் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

இங்கேயும் கோடு போட்டுத்தான் பிரித்தார்கள். 1930-களில் அரசாங்கமே வரைபடம் எடுத்து, கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம் அடித்து, வீட்டுக்கடனுக்கு ஆபத்தான இடம் என்று குறித்தது. கறுப்பருக்கு விற்கமாட்டோம் என்று வீட்டுப் பத்திரத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். அதை மீறி வெள்ளையர் பகுதியில் வீடு வாங்கிய ஹான்ஸ்பெரி குடும்பம் உச்ச நீதிமன்றம்வரை போய் 1940-இல் தன் வழக்கில் வென்றது. இன்றைக்கு 'ஆபத்தான ஏரியா' என்று நாம் சொல்கிற பல இடங்கள் அப்படிப் பணமும் கடனும் மறுத்து வறட்டப்பட்டவை.

இன்னொன்று. நம் தமிழ்ப் பள்ளி வினாடி வினாவில் வருடம் தவறாமல் சுப்பிரமணியன் சந்திரசேகர் வருகிறார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர், 1983-இல் நோபல் பரிசு பெற்றவர் என்று பிள்ளைகள் கடகடவென்று ஒப்பிப்பார்கள். அவர் பல பத்தாண்டுகள் வாழ்ந்து, 1995-இல் மறைந்தது எங்கே? சிகாகோ பல்கலைக்கழகம் இருக்கும் ஹைட் பார்க்கில். அது சவுத் சைட். சங்கக் கவிதைகளை ஆங்கிலத்தில் உலகத்துக்குக் கொண்டுபோன ஏ.கே.ராமானுஜன் பாடம் நடத்தியதும் அதே பல்கலைக்கழகத்தில். இன்னும் ஒரு விஷயம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும்: 1930-களின் கடைசியில் சந்திரசேகர் வளாகத்தில் பாடம் எடுக்கக்கூடாது என்று, அவருடைய தோல் நிறத்தைக் காரணம் காட்டி, ஒரு டீன் தடுத்தார். பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் அதை ஏற்காமல் அனுமதி கொடுத்தார். அன்றைக்கு 'ஆள் சரியில்ல' பட்டியலில் இருந்தவர் நம்மவர்.

நாம் இங்கே வந்து சேர்ந்ததே 1965-இன் குடியேற்றச் சட்டத்தால். அதற்கு முன் இந்தியாவுக்கு வருடத்துக்கு நூறு பேர் என்ற அளவில்தான் கதவு திறந்திருந்தது. அந்தச் சட்டம் தானாக வரவில்லை. கறுப்பின மக்கள் அடிபட்டும் சிறை சென்றும் நடத்திய சிவில் உரிமைப் போராட்டத்தின் காற்று அடித்த நேரத்தில் வந்தது. அவர்கள் பட்ட பாட்டில் விளைந்ததை நாம் அனுபவிக்கிறோம். அவர்கள் தெருவில் ஒரு சனிக்கிழமை நடப்பதற்கு யோசிக்கிறோம்.

எனவே என் கோரிக்கைகளை நேரடியாகவே வைக்கிறேன்.

ஜூலை இரண்டாவது சனிக்கிழமை சவுத் சைட் நாளைத் திரும்பச் சேருங்கள். புல்மன், பிரான்ஸ்வில் சிலை, டுசாப்ல் அருங்காட்சியகம், ஹைட் பார்க், இந்த நான்கு இடங்களாவது கட்டாயம் இருக்க வேண்டும். அனுப்ப விருப்பமில்லாத பெற்றோர் அந்த ஒரு நாள் அனுப்பாமல் இருக்கட்டும். அது அவர்கள் உரிமை. எல்லோருக்கும் சேர்த்து நீங்கள் கதவை மூட வேண்டாம்.

இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பொதுக் கூட்டத்தில் இதை எடுத்து, பெற்றோரையும் தன்னார்வலர்களையும் கேட்டு முடிவு செய்யுங்கள். பயம் இருப்பவர்கள் எழுந்து கேட்கட்டும். நாங்கள் நால்வரும் பதில் சொல்கிறோம்.

அந்தந்தப் பகுதியில் பிறந்து வளர்ந்தவர்களையே வழிகாட்டியாக அழையுங்கள், சன்மானம் கொடுங்கள். நான் இத்தனை வருடம் படித்துச் சொன்னதைவிட, அங்கே வாழ்ந்தவர் சொல்வது பிள்ளைகளுக்கு நன்றாகப் போய்ச் சேரும். என் இடத்தை விட்டுக்கொடுக்க நான் தயார்.

வாட்ஸ்அப்பில் வந்த அந்த வரி தவறு என்று குழுவின் பெயரில் எழுத்தில் சொல்லுங்கள். எழுதியவர் பெயரை வெளியிட வேண்டாம், அவரை அவமானப்படுத்துவது என் நோக்கமல்ல. ஆனால் அதே குழுவில் பதின்வயதுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் அந்த வரியைப் படித்தார்கள். மறுப்பையும் படிக்க வேண்டும்.

கடைசியாக, அந்த வரைபடம். ரூஸ்வெல்ட் சாலைக்குத் தெற்கே 111-ஆம் தெருவரை வரைந்து, திரும்ப அச்சடித்துக் கொடுங்கள். அச்சுச் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

பேருந்துக்கு முன்பணம் கட்ட ஜூன் 15 கடைசி நாள். அதற்கு முன் உங்கள் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
ஆறு கோடையாக உங்களோடு நடந்த தன்னார்வலர் ஒருத்தி